கை நுழையாத கரை

சுகன்யா கண்ணு,

போனில் சொல்ல முடியாததை எழுதி அனுப்புகிறேன். முடியாதது என்றால் ரகசியம் ஒன்றும் இல்லை. நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "ம்மா, மீட்டிங்", "ம்மா, அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் பாதியில் நின்றாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம் இல்லையா? பத்தாம் வகுப்பில் என் கட்டுரையை வகுப்புக்கே வாசித்துக் காட்டிய டீச்சரை நம்பி உட்கார்ந்துவிட்டேன். தறிக்குத் தார் சுற்றித் தரவேண்டிய பட்டு நூல் பக்கத்திலேயே கிடக்கிறது. இன்றைக்கு அதற்கு அவசரம் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் புரட்டிப் பார்த்துவிடாதே.

பொங்கலுக்கு வந்தபோது அடுப்படியில் நின்றுகொண்டு நீ சொன்னதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. வடகிழக்கே எங்கேயோ மலைகளுக்கு நடுவில் மின்சாரம் எடுக்கிற பெரிய அணை. அதற்குக் கீழே ஆறு இரண்டு பக்கமும் கரையைத் தின்றுகொண்டு போகிறது, ஊர்களெல்லாம் விளிம்பில் நிற்கின்றன, கரையை மறுபடி கட்டியெழுப்ப உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், சில வருஷ வேலை, இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒன்று சொன்னாய் பார், "அப்பா மனசார போய்ட்டு வான்னு சொன்னா போறேம்மா. மொனகிகினு சொன்னா வேணாம். அவங்க வேற ஆளை அனுப்பிக்கட்டும்" என்று. தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்கு, துருவியோடு எழுந்து உன்னை ஒரு சாத்து சாத்தலாமா என்றிருந்தது. உன் அப்பாவின் வாயிலிருந்து மனசார ஒரு சொல் வரவழைக்க நான் கல்யாணமான நாளிலிருந்து முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன். நீ இரண்டு வாரத்தில் கேட்கிறாய்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நீ சொன்னதைக் கேட்டுவிட்டு ஆமாம் இல்லை எதுவும் சொல்லாமல் தறிக்குப் போனார். நீ சென்னைக்கு பஸ் ஏறியதும் தறியில் புதுப் பாவு ஒன்றை ஏற்றினார். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. யாருடைய ஆர்டர் என்று கேட்டேன். "ஆர்டர் இல்ல. நம்ம சுகுவுக்கு" என்றார். உன்னைப் பெண் கேட்கிற சேத்துப்பட்டுக்காரர்கள் தை பிறந்ததிலிருந்து ஜல்தி பண்ணுகிறார்கள் அல்லவா, அதற்கு இதுதான் அவருடைய பதில். கல்யாணப் புடவைக்குப் பாவு ஏற்றிவிட்டால் முகூர்த்தமே குறித்த மாதிரி என்று நினைப்பு. அந்தப் பையன் நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவனுடைய அம்மாதான் போனில், "கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு ஆத்துலதான் நிக்குமாங்க?" என்று கேட்டார்கள். "நிப்பாங்க. உங்க ஊர்ல நல்ல ஆறு ஏதாவது இருக்குதாங்க?" என்று திருப்பிக் கேட்டேன். அதற்கு அப்புறம் அந்தம்மா இரண்டு நாள் கூப்பிடவில்லை. இப்படி, உன் பிடிவாதத்துக்கும் அவருடைய பாவுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாவின் கை எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் ஒருமுறை டைபாய்டில் படுத்தபோது அவர்தான் உனக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினார். பின்னல் இறுகிய இறுக்கத்தில் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறி, நாள் முழுக்க ஆச்சரியப்பட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தாய் என்று உன் டீச்சர் சொல்லிச் சிரித்தார். நம் வீட்டுக் கொடிக்கயிற்றில் விரலால் தட்டினால் சத்தம் வரும். கயிற்றுக் கட்டிலில் படுத்தால் பலகையில் படுத்த மாதிரி இருக்கும். அவரைச் சொல்லியும் குற்றம் இல்லை. பாவில் இத்தனை ஆயிரம் இழைகளும் ஒரே இறுக்கத்தில் நின்றால்தான் புடவை புடவையாக வரும். ஒரு இழை தொய்ந்தால் அது அறுந்து பக்கத்து இழையையும் கெடுக்கும். அவர் பாவைத் தளர்த்துவது எப்போதாவதுதான். தறியை விட்டு வெளியூரில் தங்கவேண்டி வந்தால், இறுக்கத்திலேயே விட்டால் பட்டு உயிர்விட்டுவிடும் என்று தளர்த்தி, மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டுப் புறப்படுவார். அந்த வேட்டியைப் பார்த்தாலே தெருவில் கேட்பார்கள், "எங்க, ஊருக்கா?" என்று.

நீ எப்படி இந்த ஆற்று வேலைக்குப் போனாய் என்று சேத்துப்பட்டுக்காரர்கள் கேட்டார்கள். காலேஜில் ஏதோ பாடம் எடுத்துப் படித்தாள் என்று உன் அப்பா சொன்னார். அது சரியில்லை. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே இது ஆரம்பித்துவிட்டது. நம் ஆறு மணலாகக் கிடந்து கிடந்து, அந்த வருஷம் கரை தொட்டு வந்தது. ஊரே வேடிக்கை பார்க்கப் போயிற்று. ஆற்றோரம் நம் தெருக்காரர்கள் பாவு நீட்டிப் போடுகிற திடல் இருந்ததே, பாவடி, அதற்கு என்ன ஆகுமோ என்று எல்லோரும் பயந்தார்கள். வெள்ளம் முட்டிக்கொண்டு ஓடியபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சாமிக்குச் சூடம் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோம். தண்ணீர் வடிந்து, மணல் தெரிய ஆரம்பித்த பிறகுதான் விளிம்பில் இருந்த புங்க மரத்தோடு பாவடியில் ஒரு பக்கம் பொத்தென்று ஆற்றுக்குள் உட்கார்ந்தது. பெரியவர்கள் எல்லோரும் வெள்ளத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் உன் அப்பாவின் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாய், "தண்ணி வந்தப்போ உழலியே, போனதுக்கு அப்புறம் ஏம்ப்பா உழுது?" அவருக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது என்று மட்டும் எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

பதிலை நீயே காலேஜிலிருந்து கொண்டுவந்து, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வைத்து எனக்கு விளக்கினாய். தண்ணீர் உயர்ந்து நிற்கும்போது கரை ஊறுகிறது, ஆனால் அதே தண்ணீர் வெளியிலிருந்து கரையைத் தாங்கிக்கொண்டும் நிற்கிறது. சட்டென்று வடிந்துவிட்டால் தாங்கல் போய்விடும், ஊறிய கனம் மட்டும் மிஞ்சும், கரை சரியும். நம் ஆற்றில் இது எப்போதோ ஒரு வெள்ளத்தில் நடப்பது. மின்சார அணைக்குக் கீழே தினமும் நடக்கிறது. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் அணையில் சங்கு ஊதித் தண்ணீரை விடுகிறார்கள், தேவை முடிந்ததும் மூடுகிறார்கள். கரைக்குத் தினமும் ஒரு வெள்ளம், தினமும் ஒரு வடிதல். போதாததற்கு வண்டலெல்லாம் அணைக்குள்ளேயே தங்கிவிடுவதால் வருகிற தண்ணீர் வெறும் தண்ணீராக வந்து, போகிற வழியில் கரையிலிருந்து மண்ணை எடுத்துக்கொள்கிறது. இதை நான் தெருவில் நாலு பேருக்கு என்னுடைய கண்டுபிடிப்பு மாதிரி சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

இரண்டு வருஷத்துக்கு முந்தின புரட்டாசியில் நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு, அதனால் என் கணக்கில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிற சின்ன மின்சார அணைக்குக் கீழே, மழைக்கு முன்னால் கரை வேலையை முடிக்கவேண்டும் என்று நீ தவித்துக்கொண்டிருந்தாய். உன் ஆட்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. போனில் என்னிடம், "பேஜாரா கீதும்மா, பாய் விரிக்க ஆளே இல்ல" என்று அழாத குறையாகச் சொன்னாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா, "பாய்தான விரிக்கணும்? நாங்க வர்றோம்னு சொல்லு" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. தறியில் இருந்த பாவைத் தளர்த்தி, வேட்டியைப் போர்த்தி, தெருவில் பாவு போடுகிற ஆட்களைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டார். சமைத்துப்போட நானும் கிளம்பினேன். வேனில் போகும்போது இவர்கள் அடித்த லூட்டியில் கல்யாணத்துக்குப் போகிறோமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

உன் கரைக்கு வந்து இறங்கினோம். சுவர் மாதிரி செங்குத்தாக அறுந்து நின்ற இடங்களை நாங்கள் பார்த்தோம். நீ சரிவாக வெட்டி, அடியில் கல் அடுக்கித் தயாராக வைத்திருந்த இடத்தையும் பார்த்தோம். அந்தச் சரிவில் தேங்காய் நாரில் நெய்த பாயை விரித்து, முளை அடித்து, பாயின் கண்களுக்குள் வெட்டிவேரும் நொச்சியும் நடவேண்டும். உன் அப்பா பாயைத் தடவிப் பார்த்து, "நெசவு பரவால்ல, குறுக்கால ஓடற ஊடைதான் லூசு" என்று சான்றிதழ் கொடுத்தார். இந்தப் பாய் ரெண்டு மூணு வருஷத்தில் மக்கிப்போய்விடும் என்று நீ சொன்னபோதுதான் அவர் முகம் சுருங்கியது. "மக்கிப் பூடறதுக்கா இவ்ளோ பாடு? பேத்தி காலம் வரைக்கும் நிக்கணும்னு நெய்யறவங்ககிட்ட வந்து சொல்றியே" என்றார். நீ சிரித்துவிட்டு, "அதுக்குள்ள வேர் புடிச்சிக்கும்பா" என்றாய். போகிற போக்கில், "இழுக்காதீங்க, சும்மா படுக்க விடுங்க" என்றும் சொன்னாய். அப்புறம் உன்னை அணை ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நம் ஆட்களிடம் போய் இழுக்காதே என்று சொன்னால் நடக்குமா? பாயைச் சரிவில் உருட்டிவிட்டதும் அது மேடுபள்ளத்தில் சுருண்டு தொய்ந்து படுத்தது. உன் அப்பா ஐயய்யோ என்று ஒரு முனையைப் பிடித்தார். எதிர் முனையை நாலு பேர் பிடித்தார்கள். "இப்பிடி சுருக்கம் சுருக்கமா போட்டா எவன் மதிப்பான்? எம்பொண்ணு பேர் கெட்டுப்பூடும். இழு, இன்னும் இழு" என்று அவர் கத்த, பாவு நீட்டுகிற மாதிரியே ஒரே குரலில் ஏலேலோ போட்டு இழுத்து, முளை அடித்து, மதியத்துக்குள் மொத்தச் சரிவையும் மூடிவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன், என் போனில் இன்னும் இருக்கிறது.

நீ திரும்பி வந்து பார்த்தாய். பாயின் மேல் ஒரு காலை வைத்தாய். பாய் மேளத்தோல் மாதிரி அமுங்கி எழும்பியது. உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் கையிலிருந்த போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். அதற்குள் அணையில் சங்கு ஊதிவிட்டது. தண்ணீர் வந்தது, பாயின் மேலே ஏறியது, அப்புறம் வடிந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் பாய் அப்படியே இருக்கிறது, ஒரு சுருக்கம் இல்லாமல், அந்தரத்தில். கீழே இருந்த மண்ணைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. நட்ட நொச்சிக் குச்சிகள் பாயின் கண்களில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தன. நம் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்போதுதான் உன் பெரிய என்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். யார் இதைப் போட்டது என்று கேட்டார். இங்கிலீஷில்தான் கேட்டார், ஆனாலும் அந்தக் கேள்வி எல்லோருக்கும் புரிந்தது. உன் அப்பா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். நீ அவருக்கு முன்னால் வந்து நின்றாய். "நான்தான் சார். பக்கத்துல இருந்து பாத்திருக்கணும், பாக்கல. இன்னைக்கே பிரிச்சுப் போட்டுடறேன்" என்று தமிழிலேயே சொன்னாய். உன் அப்பாவுக்குப் புரியட்டும் என்றுதான் தமிழில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அந்த என்ஜினியர் உன்னைப் பேசிய பேச்சையும் நீ தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டாய். கண்ணு, பெற்றவளுக்கு அதைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நான் டீ போடப் போனேன்.

ஜீப் போன பிறகு நீ உன் அப்பாவைத் திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அவருக்கும் சுலபமாக இருந்திருக்கும். நீ அவருடைய கையைப் பிடித்து, பாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் வைத்தாய். கை முழங்கை வரைக்கும் உள்ளே போனது. "கை நுழையக் கூடாதுப்பா. கை நுழைஞ்சா தண்ணி நுழையும். பாய் எங்க பாத்தாலும் மண்ணைத் தொட்டுகினு இருக்கணும். அழகா இல்லன்னாலும் பரவால்ல" என்றாய். அவர் தலையை ஆட்டினார். முளைகளைப் பிடுங்கி, மண் நிரப்பி, மறுபடி விரிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் அவருடைய கை கேட்கவில்லை. தொய்வாக விடவேண்டும் என்று தெரிந்தே பிடிப்பார், பிடித்ததும் கை தானாக இழுத்துவிடும். மூன்றாம் முறை இழுத்துவிட்டு, பாயைக் கீழே போட்டுவிட்டுக் கரைமேல் போய் உட்கார்ந்துகொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அங்கேதான் நான் நுழைந்தேன். இந்தக் கதையில் எனக்கு ஒரே ஒரு நல்ல இடம், அதை விடமாட்டேன். "ஏங்க, இட்லித் தட்டுல ஈரத்துணி போட்டுப் பாத்ததே இல்லியா யாரும்?" என்று கேட்டேன். எல்லோரும் முழித்தார்கள். எப்படிப் பார்த்திருப்பார்கள், சாப்பிடத்தானே தெரியும்? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, பாயைச் சரிவில் விட்டு, ஒவ்வொரு குழியிலும் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி உட்காரவைத்துக் காட்டினேன். துணியை இழுத்துப் பிடித்தால் மாவு ஊற்ற முடியுமா? குழிக்குள் இறங்கினால்தானே இட்லி. நீ கைதட்டினாய். நம் ஆட்களுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததும் கையும் இளகியது. கடைசியில் உன் அப்பாவும் இறங்கி வந்து, என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலேயே என்னை மாதிரி அமுக்க ஆரம்பித்தார். "இது நெசவே இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் செய்தார், ஆனாலும் செய்தார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார், "எம்பேர சொல்லியிருக்கலாம் இல்ல அவ?" நான் சொன்னேன், "நீங்க அவளுக்குப் பேர் வாங்கித் தரத்தான இழுத்தீங்க. அது அவளுக்குத் தெரியாதா?" தட்டை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். ஊருக்கு வந்ததும் போர்த்திய வேட்டியை எடுத்து, பாவை இறுக்கி, நெய்ய உட்கார்ந்துவிட்டார். அதோடு அந்த ஆற்றை மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாதது. ரத சப்தமிக்கு அவர் வருஷா வருஷம் கலசப்பாக்கம் போவார் அல்லவா, அண்ணாமலையார் ஆற்றுக்கு வருகிற திருவிழாவுக்கு. இந்த வருஷமும் காலையிலேயே குளித்து, விபூதி பூசிக்கொண்டு போனார். இருட்டுவதற்கு முன்னால் திரும்பிவிட்டார். பையில் பொரி இல்லை, பேரிக்காய் இல்லை, எதுவுமில்லை. வேட்டி ஓரமெல்லாம் செம்மண். கை நகத்தில் மண். கிட்டே போனால் வெட்டிவேர் வாசனை. "சாமி எப்பிடி வந்தாரு?" என்று கேட்டேன். "நல்லா வந்தாரு" என்றார். "மழை பேஞ்ச சேத்துல இறங்கி வந்தாரா?" என்று கேட்டேன். அப்புறம் மறைக்க முடியவில்லை. சாமி ஆற்றுக்கு வந்த நாளில் இவர் வேறொரு ஆற்றுக்கு, நீ கட்டிய அந்தக் கரைக்கு, போய்விட்டு வந்திருக்கிறார். "நாளைக்கு என்னையும் இட்டுகினு போங்க, இல்லன்னா சுகுவுக்கு இப்பவே போன் போடறேன்" என்று மிரட்டினேன்.

நேற்று இரண்டு பேரும் போனோம். நீ டீ வாங்கிக் கொடுப்பாயே, அந்த வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்து, "இன்னைக்குதான் ஜோடியா வந்துகீறீங்க. ஐயா ஒவ்வொரு மழைக்கும் வந்துடறாரும்மா" என்றார். நூல் வாங்கப் போகிறேன், கூலி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் இங்கேதான். உன் அப்பா காது கேளாதவர் மாதிரி முன்னால் நடந்துபோய்விட்டார். கரையை எனக்கு அடையாளமே தெரியவில்லை. நொச்சி என் இடுப்புக்கு மேல் வளர்ந்து ஊதாப் பூ விட்டிருக்கிறது. வெட்டிவேர் குத்துக் குத்தாக நிற்கிறது. அவர் சரிவில் இறங்கி, ஒவ்வொரு இடமாகக் குந்தி, மண்ணோரமாகக் கையை நுழைத்துப் பார்த்துக்கொண்டே போனார். எங்கேயும் கை நுழையவில்லை. ஒரு இடத்தில் பாயின் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார், அது பிய்ந்து கையோடு வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மக்கிடுச்சு" என்றார். நான் அருகில் போனேன். "கயிறு மக்கிடுச்சு, கரை நிக்குது பாரு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கவனிக்காத மாதிரி நொச்சிப் பூவைப் பறித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சங்கு ஊதியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன், இரு என்றார். தண்ணீர் ஏறியது. நொச்சி வளைந்து கொடுத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். நீ மூன்றாம் வகுப்பில் கேட்ட கேள்வி அவருக்கு மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வருகிறபோது பயமில்லை, போகிறபோதுதான் பயம். தண்ணீர் முழுக்க வடிந்து, கரை ஈரமாகப் பளபளத்துக்கொண்டு, போட்டது போட்டபடி இருந்தது. கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அந்தப் பிய்ந்த கயிறு அவர் கையிலேயே இருந்தது.

உனக்குப் புத்தி சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், கதையிலேயே தாள் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஒன்றிரண்டாவது சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் மனசார சொன்னால்தான் செய்வேன் என்று இனி எங்கேயும் பேசாதே. அது மரியாதை மாதிரி தெரியும், ஆனால் உன் பாரத்தை அவர்கள் தலையில் வைப்பது அது. அங்கே உனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் ஏதாவது தப்பாகச் செய்தால், உன் அப்பாவின் கையைப் பிடித்து நீ காட்டின மாதிரியே காட்டு. கல்யாணம் உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. சேத்துப்பட்டுப் பையனோ வேறு யாரோ, ஆற்றில் நிற்கிற பெண்ணைப் பார்த்துத்தான் வரவேண்டும். வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. நீ அவ்வளவு தூரம் போவதில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதினால் அது பொய். எனக்குப் பயமாக இருக்கிறது, இப்போதே வீடு வெறிச்சென்று இருக்கிறது. பயம் என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காலையில் எழுந்து வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தேன். தறியில் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். உன் அப்பா பாவைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அந்த அரக்குப் பாவைத்தான், உன் கல்யாணப் புடவையை. கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பட்டு தொய்ந்து படுத்ததும் உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பெட்டியிலிருந்து பழைய வேட்டியை எடுத்து உதறி, மேலே போர்த்தி, ஓரங்களைச் செருகினார்.

"இன்னாங்க, எங்கனா ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பாமலேயே சொன்னார்.

"நான் போவல. அவ போறா."

இப்படிக்கு,
அம்மா